ஏசி ஓடுகிறது, காற்று மாறவில்லை

காலையில் எழுந்ததும் தலை பாரம். எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரி இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்றால் பதினோரு மணிக்கெல்லாம் கொட்டாவி, ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கிறது. கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, புதுத் தலையணை எல்லாம் முடிந்தபிறகுதான் அறையின் காற்றை அளக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். பார்த்தால் அதே காட்சி: ஜன்னல் சட்டத்தைச் சுற்றி பிரவுன் டேப், வென்டிலேட்டரில் வெட்டிச் செருகிய தெர்மாகோல், கதவடியில் சுருட்டி வைத்த துணி. கேட்டால் அதே பதில்: "ஏசிதான் ஓடுதே சார், காத்து வந்துக்கிட்டுத்தானே இருக்கு?"

வரவில்லை. தயவுசெய்து இதை ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட்டிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போவது என்னென்ன? இரண்டு செம்புக் குழாய், மின்கம்பி, தண்ணீர் வடியும் குழாய். அவ்வளவுதான். காற்று வருவதற்கு அங்கே வழியே கிடையாது. செம்புக் குழாயில் ஓடும் வாயு குளிர்விப்பதற்கானது. அது அறைக்குள் வந்தால் அதற்குப் பெயர் கசிவு. உள் யூனிட் மேல்பக்கமாக உங்கள் அறைக் காற்றை இழுத்து, குளிர்ந்த குழாய்ச்சுருள் வழியாக ஓட்டி, கீழ்ப்பக்கமாக அதே காற்றைத் திருப்பி விடுகிறது. இரவு பத்து மணிக்கு நீங்கள் விட்ட மூச்சுதான் நாலு மணிக்கும் அறையில் சுற்றுகிறது, சில்லென்று. அந்தச் சில்லிப்பைத்தான் 'நல்ல காற்று' என்று உடம்பு நம்பிவிடுகிறது.

புதுக்காற்று வசதியுள்ள மாடல்களும் உண்டு. அவற்றில் கூடுதலாக ஒரு தடித்த காற்றுக்குழாய் சுவரைத் தாண்டிப் போகும். அந்தக் குழாய் இல்லையென்றால் அந்த வசதியும் இல்லை, பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி. விண்டோ ஏசியில் காற்று மாற்றும் சிறு லீவர் இருக்கும். திறந்து வைத்தாலும் அது விடும் காற்று சொற்பம்.

கணக்கு எளிது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். இரண்டு பேர் படுத்தால், முழுக்க அடைத்த அறையில் ஒவ்வொரு மணிக்கும் அது 700 பிபிஎம் ஏறும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 700 பங்கு. வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம். இடுக்குகள் கொஞ்சம் கசியவிடுவதால் கணக்கின் முழு அளவுக்கு ஏறாது. ஆனாலும் விடியும்போது 2,000-ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். அறைக்குள் 1,000-ஐத் தாண்டக்கூடாது என்று மியூனிக்கில் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் சொன்னது 1858-இல்!

2,000 விஷமா என்றால், இல்லை. தொழிற்கூடங்களுக்கான எட்டு மணி நேர வரம்பே 5,000. இந்த எண் ஒரு அடையாளம், அவ்வளவே: மூச்சு வெளியேறவில்லை என்றால் புது பர்னிச்சரின் பசை விடும் ஃபார்மால்டிஹைடும், பெயின்ட் வாடையும், இருமியவரின் கிருமியும்கூட வெளியேறவில்லை. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை வெவ்வேறு காற்றில் உட்கார்த்தி வேலை கொடுத்தார்கள். 950 பிபிஎம் அளவிலேயே முடிவெடுக்கும் திறன் குறைந்தது, 1,400-இல் இன்னும் சரிந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் சரிவு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அடைத்த அறையில் மூளை மந்தமாவதைப் பிடிவாதமாக மறுக்கவும் இடமில்லை.

அடுத்த கேள்வி, "ஏர் பியூரிஃபையர் வாங்கிட்டோமே?" ஹெப்பா ஃபில்டர் தூசையும் புகைத்துகளையும் பிடிக்கும், அந்த வேலையில் அதற்கு நிகரில்லை. கார்பன் டை ஆக்சைடு அதன் வழியாக அப்படியே போய்விடும். புகைக்காக வாங்குபவர்கள் சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். கருவி சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு அது: நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருக்கும். அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது அது இருக்க வேண்டும். 120 சதுர அடிக்கு 80. ஓசோன் விடும் கருவியை வாசல்படி ஏற்றாதீர்கள். தொட்டிச் செடி அழகுக்கு மட்டும். ஜன்னல் வழி காற்று மாறும் அளவுக்கு அவை சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வைக்க வேண்டிவரும். கொசுவர்த்திச் சுருளைப் படுக்கையறையில் கொளுத்தவே வேண்டாம். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று 2003-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. படுக்குமுன் எதிரெதிர் ஜன்னலையோ, ஜன்னலையும் கதவையுமோ பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். இரவில் ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தால் ஏசி கொஞ்சம் கூடுதலாக ஓடும், ஓடட்டும். அறைக்கதவையாவது திறந்து போடுங்கள். வேலை அறையில் ஒன்றரை மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம். வெளியே புகை மண்டிய நாளில் மட்டும் நேரம் பார்த்துத் திறந்து, உடனே பியூரிஃபையரைப் போடுங்கள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை நிச்சயம்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குவதாக இருந்தால், அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்கும் என்டிஐஆர் சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை பல, வேறு வாயுக்களை முகர்ந்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு எண்ணைக் காட்டும். சோதிக்க, மொட்டைமாடியில் கால் மணி நேரம் வையுங்கள். 420-க்குப் பக்கத்தில் வந்து நிற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கேஸ் கீசர், கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் அடைத்த இடத்தில் ஓட்டாதீர்கள். அங்கே சேர்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நான் மேலே சொன்ன மீட்டர் அதைக் காட்டாது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள், அங்கிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள், அடுப்பை அணைக்கக்கூடத் திரும்ப உள்ளே போகாதீர்கள்.