ஒத்திகைக்கு இடம் கொடுங்கள், பொன்னாடை அப்புறம் போர்த்தலாம்

தருமபுரியில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவனிடம் நாடகக்காரர்களுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். வருகிறார்கள். நவீன நாடகம் போடும் வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள், கூத்து செட்டு நடத்துகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், 80ஜி வாங்கிட்டா டொனேஷன் வருமா?" 80ஜி என்பது, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்க அமைப்பு வாங்கி வைக்கும் பதிவு. அதற்கு முன்னால் கணக்கு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் என்பேன்.

நோட்டு ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வரவுப் பக்கத்தில் பள்ளி ஆண்டு விழா, போதை விழிப்புணர்வு நிகழ்ச்சி, கோயில் திருவிழா. செலவுப் பக்கத்தில் வேன் வாடகை, டீ, ஸ்பீக்கர் செட், அரிதாரம், தையல் கூலி. இட வாடகை என்று ஒரு வரி மட்டும் இருக்காது. ஒத்திகை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "தெரிஞ்சவரோட மாங்காய் மண்டி சார், சும்மாதான் கெடக்குது" என்பார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டி சும்மா கிடப்பது மாசி வரைக்கும்தான். சித்திரையில் லோடு இறங்கத் தொடங்கினால் ஆடி பிறக்கும்வரை அங்கே கால் வைக்க முடியாது. பள்ளிக்கூடம் லீவு விடுவதும், பிள்ளைகளைக் கூட்டி வைத்து நாடகம் பழக்க நாள் கிடைப்பதும், ஊருக்கு ஊர் திருவிழா வருவதும் அதே மாதங்களில்தான். குழுவுக்கு இடம் அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில் மண்டிக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் பிழைப்பு அது.

கூத்துக்கு ஒத்திகைக் கூடம் எதற்கு, தெருவில் ஆடுவதுதானே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் 18 நாள் நடக்கிற ஊர்களில் பகலெல்லாம் சொற்பொழிவு, ராத்திரியெல்லாம் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். கைதேர்ந்த கலைஞர்கள் விடிய விடிய அதை மனப்பாடமாகவே ஆடிவிடுவார்கள். புதிதாகக் காலில் சலங்கை கட்டும் பையன் எங்கே அடவு பழகுவான்? கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோளணியும் மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாத்தாளும் ஒட்டியவை. ஒரு குழுவின் பெட்டி உறுப்பினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்ததைப் பார்த்தேன். ஐப்பசி மழைச்சாரலில் ஜிகினா உப்பிப் பெயர்ந்து, கண்ணாடி பாதி உதிர்ந்து கிடந்தது. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் பல ஆட்டத்துக்கான கூலி அதிலேயே போய்விடும்.

இடத்துக்கும் நிதிக்கும் உள்ள முடிச்சு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. சங்கமாகப் பதிவு செய்ய, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆள் கிடைத்துவிடுவார்கள். அலுவலக முகவரிதான் சிக்கல். செயலாளர் குடியிருக்கும் வாடகை வீட்டைக் கொடுப்பார்கள், அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் வரித்துறைக் கடிதம் யார் கைக்கும் வந்து சேராது. வருடாந்திரப் படிவம் தாக்கல் ஆகாது. பிறகு எந்த நிதி கேட்டுப் போனாலும் முதல் பக்கத்திலேயே திருப்பிவிடுவார்கள். யாராவது ஒரு அறையை நிலையாகக் கொடுத்து, வீட்டுவரி ரசீதோடு ஒரு சம்மதக் கடிதமும் தந்தால் அந்தக் குழுவின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டிரஸ்ட்டா சங்கமா என்று கேட்பவர்களுக்கு என் யோசனை சங்கம்தான். டிரஸ்ட் சுலபம்தான், ஆனால் நாளாக ஆக அது ஒரு குடும்பத்துச் சொத்துபோல ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 80ஜிக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் ஜனங்கள் வாயில் அது 80ஜிதான், நானும் அப்படியே சொல்கிறேன். அது கையில் இருந்தால் பணம் தானாக வரும் என்று நம்பாதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு இந்தக் கழிவே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, துணி, இலவச இடம் என்று பொருளாகவோ வசதியாகவோ கொடுப்பதற்கும் இல்லை. ஆகவே வரிச்சலுகையைக் காட்டி நன்கொடை கேட்பதைவிட, "மாசம் 500 ரூபாய், கரண்ட் பில்லுக்கு" என்று கேட்பது பலிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கலை வளர்ப்பது வருமான வரிச் சட்டத்தில் பெரும்பாலும் பொதுப் பயன் நோக்கம் என்ற தலைப்பில் வரும். அந்தத் தலைப்பில் வரும் அமைப்புக்கு வணிகத் தன்மையுள்ள வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டிக்கெட் வசூலும் நிகழ்ச்சிக் கட்டணமும் மட்டுமே வரவாக உள்ள குழுவுக்கு வரிவிலக்குப் பதிவு தலைவலியாக முடியலாம். வருட வரவே லட்சம், ஒன்றரை லட்சம் என்றிருக்கும் குழு இதில் அவசரப்பட வேண்டியதில்லை, முதலில் சங்கப் பதிவு, பான், வங்கிக் கணக்கு மூன்றும் போதும். ஜிஎஸ்டியை நினைத்தும் பயம் வேண்டாம். நாடக டிக்கெட் ஒருவருக்கு 500 ரூபாய் வரை விலக்கு. கிராமியக் கலையோ செவ்வியல் கலையோ நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை விலக்கு. நம் ஊரில் அந்தத் தொகையை யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

பெரிய பணம் இருப்பது ஓசூரில். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருகிற நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அதற்கான அட்டவணையில் கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் எழுத்திலேயே இருக்கின்றன. ஆனால் நிதி பெறும் அமைப்புக்குச் சிஎஸ்ஆர்-1 பதிவு (இந்த நிதியை வாங்கக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் பதிவு) வேண்டும், வரிவிலக்குப் பதிவு வேண்டும், அதே வேலையில் 3 வருட அனுபவமும் வேண்டும். சின்னக் குழு இந்த வாசலிலேயே நின்றுவிடும். ஏற்கனவே இந்தத் தகுதிகளுள்ள கல்வி அறக்கட்டளையோடு சேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி என்று திட்டம் எழுதிப் போகலாம். அங்கே போய்க் கலைச்சேவை என்று பொதுவாகப் பேசினால் எடுபடாது. எத்தனை பள்ளி, எத்தனை வாரம், கூடத்தின் வாடகை எவ்வளவு, பயிற்றுநர் சம்பளம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாடகையையும் கணக்கெழுதுபவர் சம்பளத்தையும் கூச்சப்படாமல் அதில் சேருங்கள். கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் விழாவுக்கு ஃபிளெக்ஸும் ஷீல்டும் வாங்கித் தரும் செலவில் ஒரு குழுவின் மூன்று மாத வாடகையைக் கட்டலாம்.

அரசு வழிகளும் இருக்கின்றன. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் நாடகக் குழுவின் குருவுக்கும் சீடர்களுக்கும் மாத உதவித் தொகை தரும் திட்டம் இருக்கிறது, கூடம் கட்டவும் உதவித் திட்டம் இருக்கிறது. இங்கே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்தில். கலைஞர்கள் தனித்தனியாக நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து வைப்பது நல்லது. இயல் இசை நாடக மன்றத்திலும் விசாரியுங்கள். பணம் வந்து சேரத் தாமதமாகும். அனுமதிக் கடிதத்தைக் காட்டி வட்டிக்கு வாங்கி நாடகம் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

நிலத்தில் ஏற்கனவே கட்டி நிற்கும் இடங்களையும் பாருங்கள். எங்கள் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நாடக மேடையோ கலையரங்கமோ உண்டு. மூன்று பக்கச் சுவர், கான்கிரீட் கூரை, நெற்றியில் பெயர்கள் பொறித்த கல்வெட்டு. வருடத்தில் பல மாதம் அதில் ராகியும் புளியும்தான் காயும். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்ட ஒரு அறை இருக்காது, பிளக் பாயின்ட் இருக்காது, பெண் கலைஞர்கள் போக ஒரு கழிப்பறை இருக்காது. அடுத்த மேடைக்கு எஸ்டிமேட் போடும் முன்பே இந்த மூன்றையும் கேட்டுக் கிராம சபையில் மனுக் கொடுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் விடிய விடிய ஆட்டம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடை ஏறிய பிறகு மைக்கைப் பிடுங்கினால் துரியோதனனே ஆனாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

நகரத்தில் என்றால் கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பந்திக் கூடம் பூட்டியே கிடக்கும். வார நாட்களில் மாலை 6 முதல் 9 வரை அதைக் குறைந்த வாடகைக்குக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அவர்கள் பயமெல்லாம் கரண்ட் பில்லும் உடைந்த நாற்காலியும்தான். மீட்டர் ரீடிங் எடுத்து யார் கட்டுவது, பெருக்குவது யார், உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் எழுதுங்கள், அனுபவச் சான்று கேட்கும்போது அந்தத் தாளும் உதவும். பேசுவதைக் கார்த்திகையிலேயே பேசிவிடுங்கள். தை முகூர்த்த புக்கிங் சூடு பிடித்துவிட்டால் மண்டபக்காரர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.