பிக்கப் வண்டியின் அடிவயிறு

பாம்பனில் மீன் வண்டி ஓட்டும் என் சித்தப்பா ஒரு விடியற்காலையில் பரமக்குடியை நெருங்கும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு வண்டியை ஓரம் கட்டினார். டயர்கள் சரியாக இருந்தன. ஆனால் சரக்குத் தொட்டியின் மேல்விளிம்பு கேபினின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் இடைவெளி இருக்கும். பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேபினுக்குச் சற்றுப் பின்னே, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸின் அடிப்பக்கம் கிழிந்து, வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. மெக்கானிக் சுத்தியலால் தட்டத் தட்ட, துரு அப்பளம் போல அடுக்கடுக்காக உதிர்ந்தது. எஞ்சின் மட்டும் கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இப்போது அவர் புது வண்டி பார்க்கிறார். தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கிறது. 2022 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் யோதா 2.0, இன்ட்ரா வி20, இன்ட்ரா வி50 என்று மூன்று பிக்கப்களை ஒன்றாக இறக்கியது. யோதா 2.0 இரண்டு டன் சுமக்கும், வி50 ஒன்றரை டன், பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் வி20 ஒரு டன். 2023 ஏப்ரலில் மஹிந்திரா தன் பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையை 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை விரித்தது. ஷோரூமில் எல்லோரும் கேட்பது மூன்று கேள்விகள்: எத்தனை டன், என்ன மைலேஜ், மாதத் தவணை எவ்வளவு. எங்கள் கரையில் நான்காவதாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வி வண்டிக்கு அடியில் இருக்கிறது.

பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தால் ஓர் ஏணி படுத்திருப்பது தெரியும். முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கூடே எலும்பாகவும் இருக்கிறது. பிக்கப்பில் எலும்பு தனி, உடம்பு தனி. எஞ்சின், கேபின், தொட்டி, அச்சுகள் எல்லாம் சேஸிஸ் என்னும் இந்த ஏணியில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன.

நீளச் சட்டத்தின் குறுக்குவெட்டு, 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போல இருக்கும். சில வண்டிகளில் நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக இருக்கும். ஓட்டு வீட்டுக்குக் கூரை போடும் ஆசாரி பனஞ்சட்டத்தைத் தட்டையாகப் படுக்க வைப்பதில்லை, குத்தாக நிறுத்துகிறார். இரண்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் உள்ள சட்டம், படுத்திருப்பதைவிட நிமிர்ந்து நிற்கும்போது வளைவதை ஒன்பது மடங்கு அதிகமாக எதிர்க்கும். சுமை ஏறும்போது சட்டத்தின் மேல்விளிம்பு நசுங்கப் பார்க்கிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது, நடுப்பகுதி அவ்வளவாகப் பாடுபடுவதில்லை. அதனால்தான் இரும்பை நடுவில் கொட்டாமல் மேலேயும் கீழேயும் ஒதுக்கி 'ப' ஆக மடிக்கிறார்கள். குறைந்த எடை, நிறைந்த வலு. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. தகடு சில மில்லிமீட்டர் பருமன்தான். நான்கு மில்லிமீட்டர் தகட்டை இரண்டு பக்கமும் துரு அரை மில்லிமீட்டர் தின்றாலே கால்பங்கு இரும்பு போய்விடுகிறது.

பின்னச்சின் மேல் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் வில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமை கூடக்கூட வில் நிமிர்கிறது. பல வண்டிகளில் பாரம் ஓர் அளவைத் தாண்டினால்தான் துணைப்பட்டைகள் வேலைக்கு வரும். வெறும் வண்டி துள்ளுவதும் பாரவண்டி நிதானமாகப் போவதும் இந்த அமைப்பால்தான். 'கூட ரெண்டு பட்டை போட்டால் கூட அரை டன் ஏற்றலாம்' என்று நம்மூரில் சொல்வார்கள். பட்டை தாங்கும். ஏணி தாங்க வேண்டுமே.

உப்புக்கு வருகிறேன். துருப்பிடித்தல் என்பது சின்னஞ்சிறு மின்கலம் ஒன்று ஓயாமல் ஓடுவது. இரும்பில் ஓரிடம் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. இன்னோர் இடத்தில் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இரண்டு இடங்களுக்கும் நடுவே மின்னோட்டம் முழுமை பெற ஈரம் வேண்டும். நல்ல தண்ணீர் மின்சாரத்தை அரைமனதாகக் கடத்தும், உப்புத் தண்ணீர் தாராளமாகக் கடத்தும். போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது. உப்பு இந்த வேலையில் தீர்ந்து போவதும் இல்லை. ஒரு முறை ஒட்டிய உப்பு, கழுவும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

'மழை இல்லாத ஊரில் துரு எப்படி?' என்று மதுரையில் ஒரு நண்பர் கேட்டார். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தொட்டால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 விழுக்காடே போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது இதுதான். கச்சான் காற்றில் பறந்து வந்து சேஸிஸில் படியும் கடற்சாரலில் இதுவும் இருப்பதால், ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் வண்டியின் அடிவயிறு நனைந்தே கிடக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் அமைத்ததற்கு இந்தக் காற்றே காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் துருத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டதும் இதே காற்றுக்காகத்தான்.

மீன் வண்டிக்குக் காற்று மட்டும் பகையில்லை. ஐஸ் உருகி, மீனின் உப்போடும் கவிச்சியோடும் கலந்து, தொட்டியின் இடுக்குகள் வழியாக வழியெல்லாம் சேஸிஸின் மேல் சொட்டிக்கொண்டே வருகிறது.

துரு எங்கே அதிகம் பிடிக்கும்? காற்றுபடும் வெளிப்பக்கத்தில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். ஒரு சொட்டு உப்புநீரை இரும்பின் மேல் விட்டுப் பார்த்தால், ஆக்சிஜன் எளிதில் புகும் ஓரம் தப்பிக்கும், ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி குழியாகும். காற்று குறைந்த இடம் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரைகிறது, காற்று நிறைந்த இடம் வாங்கிக்கொண்டு பிழைக்கிறது. ஆகவே சேற்றுக் கட்டிக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கில், மூடிய பெட்டிச் சட்டத்தின் உள்ளே, அதாவது நம் கண் போகாத இடங்களில்தான் வண்டி சாகிறது.

இதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் செய்வது அழகான வேலை. சட்டத்தை வண்ணத் தொட்டியில் முழுக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வண்ணத் துகள்கள் இரும்பைத் தேடிப்போய் ஒட்டுகின்றன. ஒட்டிய இடம் மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால், மின்னோட்டம் தானாகவே இன்னும் பூசப்படாத மூலைகளைத் தேடிப் போகிறது. சுமார் 20 மைக்ரான் பருமனில், தூரிகை எட்டாத உட்புறத்தில்கூடப் படலம் ஏறிவிடும். துத்தநாகம் பூசிய தகடு இன்னொரு வழி. துத்தநாகம் இரும்பைவிட முந்திக்கொண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும், கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டுவதும் இதற்குத்தான். அதே கட்டியை வண்டியில் மாட்டினால் பயன் இல்லை. கப்பலைச் சுற்றி எங்கும் கடல்நீர் தொடர்ந்து இருக்கிறது, வண்டியைச் சுற்றி இருப்பது காற்று. அதில் துத்தநாகத்தின் காவல் சில மில்லிமீட்டர் தூரத்தோடு நின்றுவிடும்.

சித்தப்பாவின் வண்டியில் இந்தப் படலத்தை நாங்களே கெடுத்திருந்தோம். கூண்டு கட்டுவதற்காகச் சேஸிஸில் துளை போட்டு, பற்றவைத்து, மேலே ஒரு கை கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு, அதாவது இரும்பு தாங்க வேண்டிய இழுப்பு, மூன்று மடங்காகும். விரிசல் தொடங்கியது சரியாக அந்தத் துளையில்தான்.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. உலர்ந்த காற்றில் எஃகுக்கு ஒரு சகிப்பு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது களைத்து உடையாது. உப்பு ஈரத்தில் அந்த எல்லையே இல்லாமல் போகிறது. எவ்வளவு குறைந்த சுமையானாலும், திரும்பத் திரும்ப வளைந்தால் ஒருநாள் விரிசல் விடும். விளம்பரத்தில் உள்ள 'இரண்டு டன்' புது இரும்புக்குச் சொன்ன கணக்கு. ஆறு ஆண்டுகள் பாம்பன் காற்றைக் குடித்த இரும்புக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எனவே ஷோரூமில் சித்தப்பாவோடு நானும் குனிந்தேன். சட்டத்துக்கு மின்முறைப் பூச்சு உண்டா, துத்தநாகத் தகடு எந்தெந்தப் பாகத்தில், கூண்டு கட்டத் தயாரிப்பிலேயே துளைகள் விட்டிருக்கிறார்களா, துருவுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதில் சேஸிஸ் சேருமா என்று கேட்டோம். விற்பனையாளர் தம்பி பொறுமையாகக் குறித்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வண்டி வந்தபின் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி: ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடியைக் கழுவுவது. அதிலும் எங்கள் ஊரில் ஒரு சங்கடம். வீட்டுப் போர் தண்ணீரே உப்பு. அதை அடித்தால் உப்பை உப்பால் கழுவியதாகும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். சித்தி முதலில் தயங்கினார். பிறகு மூன்று குடத்தை வண்டிக்கென்று ஒதுக்க ஒப்புக்கொண்டார். தொட்டிக்கு அல்ல, கண்ணாடிக்கும் அல்ல, அடிக்கு மட்டும். சட்டத்தின் கீழே தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகள் மணலாலும் மீன் செதிலாலும் அடைந்துகொள்ளும். அவற்றைக் குத்தி விடுவதற்குச் சித்தப்பா இப்போதே ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்.