புரோலாக்டினுக்கு மதகாக நிற்கும் டோபமின்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர், நெஞ்செரிச்சலுக்காக மூன்று மாதங்களாக வெறும் வயிற்றில் விழுங்கிவந்த கேப்ஸ்யூல் அட்டையையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது, இளைய மகனுக்குப் பால் மறக்கடித்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகு, மார்பில் மீண்டும் பால் கசிந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராமுக்குள் இருக்கவேண்டிய, பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின், அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில், பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். வயிற்று மருந்துக்கும் தாய்ப்பாலுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டார்.

அந்தத் தொடர்பு டோபமினில் இருக்கிறது. டோபமினை மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மைகூட இல்லை. டோபமின் என்ன செய்யும் என்பதை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் அந்த ஏற்பி அமைந்திருக்கும் செல்லுமே தீர்மானிக்கின்றன. ஏற்பி என்பது செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். டோபமின் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறி, உட்பக்கத்தில் உள்ள, செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. மனிதரிடம் ஐந்து வகை ஏற்பிகள் உண்டு. டி1, டி5 ஆகியவை செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைப் பெருக்குகின்றன. டி2, டி3, டி4 அதைக் குறைக்கின்றன. மூளையின் ஆழத்தில் டி1-உம் டி2-உம் சேர்ந்து உடலசைவைச் சீராக்குகின்றன. அங்கே டோபமின் குன்றும்போதுதான் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன.

மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கதை வேறு. அதன் முன்பகுதியிலுள்ள புரோலாக்டின் செல்கள், யாரும் ஏவாமலே மின்துடிப்பை எழுப்பி, கால்சியத்தை உள்ளே விட்டு, ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும் இயல்புடையவை. அதற்கு மேலே உள்ள மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியாக இறங்கும் டோபமின், அச்செல்களின் டி2 ஏற்பியில் அமர்ந்ததும் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, துடிப்பு அடங்குகிறது, கால்சியம் வரத்துக் குறைகிறது. ஏரி நீரைத் தேக்கிவைக்கும் மதகைப் போன்ற ஏற்பாடு இது. பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸோடு இணைக்கும் காம்பு அறுபட்டால் முன்பகுதியின் மற்ற ஹார்மோன்கள் குறைய, புரோலாக்டின் மட்டும் கூடுவது இதனால்தான். குழந்தை மார்பைச் சப்பும்போது டோபமின் வரத்துக் குறைந்து மதகு இயல்பாகவே உயர்கிறது.

டோம்பெரிடோன் டி2 ஏற்பியை அடைத்துக்கொள்ளும் மருந்து. இரத்தத்திலுள்ள பல பொருள்களை மூளைக்குள் புகவிடாத இரத்த-மூளைத் தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. எனவே கைநடுக்கம் போன்ற தொல்லைகளை அரிதாகவே தருகிறது. ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே அல்லவா இருக்கிறது! அங்கே மருந்து டி2-ஐ அடைக்க, டோபமினுக்கு இடமில்லாமல் போகிறது. பெருகும் புரோலாக்டின், கருமுட்டை முதிரத் தூண்டும் ஹார்மோன்களைத் தணிப்பதால் மாதவிலக்கும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, கேபர்கோலின் என்ற மருந்து அதே ஏற்பியில் டோபமினைப் போலவே செயல்பட்டு, புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளைப் பெரும்பாலும் கத்தி வைக்காமலே சுருங்கச் செய்கிறது.

கருவுற்றிருக்கவில்லை, தைராய்டு குறைவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட மருத்துவர், அக்காவுக்கு டோம்பெரிடோன் கலக்காத மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் பால் கசிவு நின்றது; அடுத்த பரிசோதனைத் தாளில் புரோலாக்டின் 14 என்றிருந்தது.