உல்லம் முள்ளும் ஙப்பி உப்பும்

சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, ரங்கூனில் எங்கள் சித்தப்பா மீன் துண்டுகளை ஒதுக்கிவிட்டார். காலை மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் சூப்பும், மத்தியானச் சோற்றுக்கு ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதும் மட்டும் நிற்கவில்லை. கால் வீக்கம் வடியவே இல்லை. "மீனைத் தொடுறதே இல்லையேப்பா" என்று வருத்தப்பட்டார்.

நல்ல சிறுநீரகங்கள் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சச் சோடியத்தையும் பாஸ்பரஸையும் வெளியே தள்ளும். சிறுநீரகம் தளர்ந்தால் சோடியம் உடம்பில் தங்கும், தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். வீக்கம் அப்படி வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சோடியம் நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் என்பது வழக்கமான வரம்பு. 100 கிராம் பச்சை மீனில் அது பெரும்பாலும் 100 மில்லிகிராமுக்குள்தான். மீன் சாஸ் என்றால் ஒரு மேசைக்கரண்டியே 1,000-ஐத் தாண்டிவிடும். ஙப்பியோ உப்பில் ஊறியே உருவாவது.

பாஸ்பரஸை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. ரத்தத்தில் அது கூடினால் கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். எலும்பு வலுவிழக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியும். மீன் சதையில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். முள்ளைத் தின்றால் கணக்கு மாறிவிடும். உல்லம் மீனை வினிகர் விட்டு, சிறு தீயில் மணிக்கணக்காக வேகவைக்கும் பர்மியச் சமையலைப் பார்த்திருப்பீர்கள். முள்ளின் உறுதிக்குக் காரணம் கால்சியம் பாஸ்பேட். புளிப்பும் சூடும் சேர்ந்து அதை இளக்கிவிடும். மூடியைத் திறக்கும்போது மீன் முழுசாகத்தான் இருக்கும், நாக்கில் வைத்தால் முள் கரையும். அம்மா அதைச் செய்கிற நாளில் எங்களில் யாரும் முள் துப்ப மாட்டோம். அவ்வளவு ருசி. ஆனால் சித்தப்பாவுக்கு அது கூடாது. முள்ளோடு தின்னும் டின் சாளையும், நெத்திலிக் கருவாடும் அப்படித்தான். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

உறைய வைத்த மீன், இறால் பொட்டலங்களில் ஈ451, ஈ452 என்றிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ஈரம் பிடித்து வைக்கச் சேர்க்கும் பாஸ்பேட் அது, குடலில் பெரும்பகுதி ஏறிவிடும்.

சரி, எவ்வளவு மீன் சாப்பிடலாம்? டயாலிசிஸ் செய்யாதவருக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் வந்துவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கினால் புரதம் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. அவரவர் அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

துண்டுகளை நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரைக் கொட்டினால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கொஞ்சம் இறங்கும். மொஹிங்காவில் அந்த நீரைத்தானே குடிக்கிறோம்!

இப்போது சித்தி ஆற்று ரோகுவில் உள்ளங்கை அளவு துண்டை வேகவைத்து, நீரை வடித்து, மிளகும் எலுமிச்சையும் போட்டு வைக்கிறார். சித்தப்பா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் முதல் வாய் வைக்கிறார்.