சத்து டப்பா வாங்குமுன்: பட்டிக்காரருக்கு ஒரு மிருக வைத்தியரின் குறிப்பு

"டொக்டர், மாட்டுக்கு ஒரு சத்து ஊசி போட்டுட்டுப் போங்க." மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, கிரான் பக்கம் எந்தப் பட்டிக்குப் போனாலும் இதைக் கேட்காமல் திரும்புவது அரிது. மழையில்லாத மாதங்களில் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள். மாடு எலும்பும் தோலுமாக நிற்கும்போது அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது பி வகை விற்றமின்கள். நோயில்லாத, வளர்ந்த மாட்டுக்கு அவற்றை அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே ஆக்கிக் கொடுத்துவிடும். சீ விற்றமினை ஈரல் செய்துகொள்ளும். டீ விற்றமின் நம் வெயிலிலேயே கிடைக்கிறது.

உண்மையில் குறைவது ஏ விற்றமின். பச்சைப் புல்லிலிருந்துதான் மாட்டுக்கு அது கிடைக்கிறது. காய்ந்த வைக்கோலில் கிட்டத்தட்ட இல்லை. ஈரலில் சேர்த்து வைத்தது இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதனால்தான் வைகாசியில் நன்றாக இருந்த சினை மாடு ஆவணி, புரட்டாதியில் நலிந்த கன்றை ஈனுகிறது, நஞ்சுக்கொடி விழாமல் அவதிப்படுகிறது. சில மாடுகள் அந்தி நேரத்தில் வேலியில் முட்டும். அது மாலைக்கண். இப்படியான மாட்டுக்கு ஏ விற்றமின் ஊசி நானே போடுவேன். ஆனால் அளவோடுதான், ஏ விற்றமின் உடம்பில் தேங்கும், மிஞ்சினால் நஞ்சாகும்.

வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவைப் பலர் கதியால் என்று மட்டுமே பார்க்கிறார்கள். அந்த இலையில் ஏ விற்றமினுக்கான மூலப்பொருளும் உண்டு, நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதமும் உண்டு. மணம் பிடிக்காமல் முதலில் மாடு ஒதுக்கும். வெட்டி ஒரு பொழுது வாடவிட்டுக் கொஞ்சம் தவிட்டோடு கொடுங்கள், சில நாளில் பழகிவிடும். இபில் இபில் மரத்தின் இலையும் நல்லதுதான், ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முடியை உதிர்க்கும், கழுத்துச் சுரப்பியை வீங்க வைக்கும்.

வைக்கோலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் யூரியா ஊட்டிய வைக்கோல் கைகொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிப் பத்து நாளாவது வைக்க வேண்டும். யூரியாவை நேரடியாக மாடு நக்கினால் செத்துவிடும், ஆகவே மூடையைப் பட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது மேய்ச்சல் தரையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரும்போக நெற்செய்கை தொடங்கினால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாடு விட முடியாது, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம்தான் ஓட்ட வேண்டும். அந்தத் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மாடு மெலிவதற்கான காரணத்தில் பாதி அங்கே இருக்கிறது. அதை என் மருந்துப் பெட்டியால் தீர்க்க முடியாது.

சரி, மூலிகைக்கு வருவோம். கைமருந்தை நான் எதிர்ப்பவனல்ல. மடிவீக்கத்துக்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையை இந்தியாவின் தேசியப் பால்வள வாரியமே பண்ணையாளருக்குப் பரிந்துரைக்கிறது. தொடக்கத்திலேயே கவனித்துப் பாலை அடிக்கடி கறந்து விட்டுப் பூசினால் நல்லது. காய்ச்சல் வந்து தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டுக்கு இதை மட்டும் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சாத்தாவாரிக் கிழங்கு பால் கூட்டும் என்பார்கள். தீனியும் தண்ணீரும் போதாத மாட்டுக்கு அதைக் கொடுத்தால் பால் எங்கிருந்து வரும்?

நான் அதிகம் பயப்படுவது பருக்கும் முறைக்குத்தான். வயிறு ஊதினால் மிளகு, உள்ளி, பெருங்காயம் அரைத்துப் போத்தலில் ஊற்றிப் பருக்குவது நம் வழக்கம். தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போகும். இரண்டொரு நாளில் மூச்சு வாங்கி மாடு சாகும். வீட்டாரோ வயிற்று ஊதலால் செத்தது என்று நினைப்பார்கள். மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. நாக்கைப் பிடிக்காதீர்கள். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், இருமினால் உடனே தலையை விடுங்கள். எழும்ப முடியாமல் கிடக்கும் மாட்டுக்கு வாய் வழியாக எதுவும் வேண்டாம்.

எருமைக் கன்றுகளுக்கு வாங்கும் சத்துப் பாணியும் பெரும்பாலும் வீண்செலவு. வயிறு பானை போல, முடி சிலிர்த்து, நாற்றத்தோடு வெளுப்பாகக் கழியும் கன்றுக்கு வேண்டியது பூச்சி மருந்து. இந்த நாக்குப்பூச்சி தாய்ப்பாலோடு கன்றுக்குள் போகிறது. பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் மருந்து கொடுத்தால் போதும், கன்று பிழைக்கும். தயிருக்காக எல்லாப் பாலையும் கறந்துவிட்டுக் கன்றுக்குச் சத்துப் பாணி தேடுவதும் சரியில்லை.

லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் உறவினர் அனுப்பும் டப்பாக்களையும் காட்டுகிறார்கள். சிலவற்றில் குதிரைப் படம்கூட இருக்கும். குதிரை அசைபோடாத விலங்கு, அதன் தீனி பெருங்குடலில்தான் புளிக்கிறது. அதற்குப் போட்ட கணக்கு எருமைக்குப் பொருந்தாது. கோழித் தீனியும் அப்படித்தான். சில கோழித் தீனிகளில் சேரும் மொனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்குக் கொஞ்சம் போனாலே உயிர் போகும்.

கல்சியத்தில்தான் நல்லெண்ணம் கூடுதலாகக் கெடுதல் செய்கிறது. அதிகம் கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஈனுமுன்பே கல்சியப் பாணி வார்க்கிறார்கள். அப்போது எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். ஈன்றவுடன் பால் சுரக்க ஒரேயடியாகக் கல்சியம் தேவைப்படும்போது மாடு விழுந்துவிடும். சினையின் கடைசி மூன்று கிழமை அதை நிறுத்துங்கள், ஈன்ற பிறகு கொடுக்கலாம். விழுந்த மாட்டுக்கு நரம்பில் கல்சியம் ஏற்றும்போது வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கையால் அந்த ஊசி வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது வீட்டில் கொடுத்த எல்லாவற்றையும், கசாயம் உட்பட, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நாங்கள் ஏசுவோம் என்று டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். அந்த லேபலைப் பார்த்துத்தான் அடுத்த ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்கிறோம்.