ஸ்ப்ளைன் தண்டு எங்கே வளைகிறது?

"வளைவரைத் தண்டு." இந்தச் சொல்லை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டேன், இனி சும்மா இருக்க முடியாது. கேட் (CAD) என்கிற கணினி வரைவு மென்பொருளைச் சொல்லித்தரும் ஒரு தமிழ்ப் பாடத்தில், ஸ்ப்ளைன் ஷாஃப்ட் கப்ளிங் வரையும் பகுதிக்கு "வளைவரைத் தண்டு இணைப்பியை மாதிரியாக்கம் செய்தல்" என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். மாலையில் என்னிடம் வரைவு பழக வரும் பையன் அதைப் படித்துவிட்டு, "ஏங்கண்ணா, தண்டு எந்த எடத்துல வளையணும்?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை, படித்ததைத்தான் கேட்டான். தண்டு எங்கேயும் வளையாது, வளைந்தால் காயலான் கடைக்குத்தான் போகும்.

ஸ்ப்ளைன் தண்டு என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். டிராக்டருக்குப் பின்னால், எஞ்சினின் சுழற்சியை வெளியே கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு துருத்திக்கொண்டிருக்கும், ரோட்டவேட்டர் மாட்டுகிற இடம். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வழக்கமான வகையில் தண்டின் விட்டம் 35 மி.மீ., அதன்மேல் நீளவாக்கில் ஆறு பற்கள், இப்படிப் பல் வெட்டியதுதான் ஸ்ப்ளைன் தண்டு. 1000 சுற்று வகையில் அதே தடிமனில் 21 பற்கள் கொண்டதும் உண்டு. அதில் மாட்டுகிற யோக் என்ற இணைப்பு முனையின் உள்ளே அதே கணக்கில் பள்ளங்கள் இருக்கும், நேராகப் பிடித்துத் தள்ளினால் போய் உட்கார்ந்துவிடும். தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சாவி என்கிற ஒற்றை உலோகத் துண்டைச் செருகிப் பூட்டினால் அந்த ஒரு சாவி தாங்க வேண்டிய சுமையை இங்கே எல்லாப் பற்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன, வேண்டுமானால் முன்னும் பின்னும் நகரவும் இடம் உண்டு. உள்ளே பல் வெட்டிய ஒரு குழலை எடுத்து, இரண்டு தண்டுகளின் முனைகளை இரண்டு பக்கமிருந்தும் அதற்குள் நுழைத்தால் அதுதான் ஸ்ப்ளைன் கப்ளிங்.

ஸ்ப்ளைன் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுத்தில் ஏறிய சொல், மெல்லிய மரச்சிம்பு என்பது பொருள். எலும்பு முறிந்தால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறோமே, அந்த ஸ்ப்ளின்ட் என்ற சொல்லோடு உறவு சொல்கிறார்கள். அந்தச் சிம்பிலிருந்து இரண்டு கிளை பிரிந்தது. கப்பல் வரைவாளர்கள் சிம்பை வளைத்து, அது நகராமல் ஈயக்கட்டிகளை வைத்து (அந்தக் கட்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் வாத்து!) கோடு போட்டார்கள், 1946இல் ஷோன்பெர்க் என்ற கணிதர் அதே பெயரைத் தன் கணிதச் சார்புகளுக்கு வைத்தார், இன்று கேட் மென்பொருளில் ஸ்ப்ளைன் என்ற வளைகோட்டுக் கருவி இருப்பது அந்த வழியில். இன்னொரு கிளை பட்டறைப் பக்கம் போனது. தண்டில் பள்ளம் வெட்டிச் சிம்பு போல நீளமான ஒரு சாவியைப் பதிப்பார்கள், சக்கரம் தண்டோடு சேர்ந்து சுற்றும், நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். பிறகு சாவியைத் தனியாகப் பதிக்காமல் தண்டிலேயே பல்லாக வெட்டினார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆக, பாட்டி ஒருத்தி, பேத்திகள் இரண்டு பேர். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், முதலில் கண்ணில் பட்ட கணிதப் பேத்தியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

வேறு பாடமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேட் பாடத்தில் இரண்டு பேத்திகளும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள் என்பதுதான் சிக்கல். டி.ஐ.என். 5480 என்ற ஜெர்மன் தர முறையில் 25×1.25×30×18 என்று ஒரு தண்டு கேட்கிறார்கள் என்று வையுங்கள். அடிப்படை விட்டம் 25, மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) 1.25, அழுத்தக் கோணம் (பல் பக்கத்தின் சாய்வு) 30 பாகை, பற்கள் 18. பல்லின் பக்கம் இன்வல்யூட் வடிவம், அதாவது ஓர் உருளையில் சுற்றிய நூலைத் தொய்யவிடாமல் பிரித்துக்கொண்டே வந்தால் நூலின் முனை போகிற பாதை. அந்த உருளையின் விட்டம் இங்கே, மாட்யூலையும் பற்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் 22.5ஐ 30 பாகையின் கொசைனால் பெருக்கினால் 19.49 மி.மீ. அதிலிருந்து சில புள்ளிகளைக் கணக்கிட்டு, ஸ்ப்ளைன் கருவியால் சேர்த்து, ஒரு பல்லிடையை வெட்டி, வட்டத்தில் 18 தடவை அடுக்குகிறோம். அதாவது ஸ்ப்ளைன் தண்டின் பல்லை ஸ்ப்ளைனால் வரைகிறோம். பாடம் இதை "வளைவரையைக் கொண்டு வளைவரையின் பக்கத்தை வரைக" என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு எவன் எதை வரைவான்?

இன்வல்யூட் பல் வளைந்துதானே இருக்கிறது, அதனால் வளைவரை பொருந்தும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பற்சக்கரத்தின் பல்லும்தான் வளைந்திருக்கிறது, அதை யாராவது வளைவரைச் சக்கரம் என்கிறார்களா? நேர்ப்பக்க வகையை எடுத்தால் அந்த வாதமும் போச்சு. 6×23×26 என்றால் ஆறு பல், உள்விட்டம் 23, வெளிவிட்டம் 26, பல்லின் அகலம் 6. பல்லின் இரண்டு பக்கமும் நேர்கோடு, ஒன்றுக்கொன்று இணை. (பழகுகிறவர்கள் அந்தக் கோடுகளை மையத்தை நோக்கிச் சாய்த்து வரைந்துவிடுவார்கள், அது தப்பு.) ஸ்ப்ளைன் கருவியைத் தொடவே வேண்டாத இதற்கும் வளைவரை என்று பெயர்!

காடித்தண்டு என்று எழுதுகிறவர்கள் இன்னொரு கட்சி. இவர்கள் பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கிறவர்கள், அதனால் மரியாதையாகவே மறுக்கிறேன். காடி என்றால் வெட்டிய பள்ளம். ஒற்றைச் சாவிக்கு வெட்டுவதும் காடி, ரப்பர் வளையம் உட்கார வெட்டுவதும் காடி. அப்படியானால் பட்டறையில் இருக்கும் பாதித் தண்டுகள் காடித்தண்டுதான். வினிகருக்கும் காடி என்று பெயர் இருப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்துவிட்டுப் போகட்டும். தண்டில் சுமை தாங்குவது பள்ளமா, பல்லா என்பதுதான் என் கேள்வி. பி.டி.ஓ. கெட்டுப்போனால் மெக்கானிக் "பல்லு தேஞ்சிருச்சு" என்பார், யாரும் காடி தேய்ந்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அதனால் என் சொல் நெடும்பல். நெடும்பல் தண்டு, நெடும்பல் இணைப்பி. கிளட்ச் தட்டின் நடுவில் இருக்கிற பற்கள் குட்டையாயிற்றே என்று கேட்பீர்கள். நீளவாக்கில் ஓடுகிற பல் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன், அளவைச் சொல்லவில்லை. வளைகோட்டுப் பேத்திக்கு வளைவரை போதாது, வட்டமும் வளைவரைதான். சிம்பு வளைவரை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன், ஸ்ப்ளைன் என்றே எழுதினாலும் சரி.

மாதிரியாக்கம் என்பதையும் விடுவதாக இல்லை. பட்டறையில் "மாதிரி அனுப்புங்க" என்றால் செய்த துண்டு ஒன்றைக் கேட்கிறார்கள் என்று பொருள். உருவமைத்தல் என்று எழுதலாம், பிடிக்காவிட்டால் மாடலிங் என்று விட்டுவிடலாம். இப்படிச் சொற்களை ஜோடித்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பற்சக்கரக் கருவியில் தானாக வருகிற 20 பாகை அழுத்தக் கோணத்தை 30 ஆக்க வேண்டும், பல்லின் உயரத்தையும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க வேண்டும். குழலிலிருந்து தண்டின் உருவத்தை அப்படியே கழித்தால் பக்கங்களுக்கு நடுவே இடைவெளியே இருக்காது, முப்பரிமாண அச்சில் எடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. இதில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை.

பையன் இப்போது சரியாக வரைந்துவிட்டான். மென்பொருளில் பல்லிடையை வெட்டுகிற படிநிலைக்கு நெடும்பல் என்று பெயர் வைக்கச் சொன்னேன். கோப்பைத் திறந்து பார்த்தால் "பல்லு" என்று போட்டிருக்கிறான்.