பிளாக், வலைப்பதிவு, குறும்பதிவு

பிளாக், மைக்ரோபிளாக், கமாண்ட் லைன் போன்ற கணினிச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் வேரைப் பார்ப்போம். இணையத்தில் நாள்வாரியாக எழுதும் பக்கத்தைக் குறிக்கும் பிளாக் என்ற சொல்லின் வேர் ஒரு மரத்துண்டு. ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகத்தை அறிய, நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு பலகைத் துண்டைக் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை விழுந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னேறப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் சுமார் 47 அடிக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 வினாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் நாட், அதாவது முடிச்சு, கணக்கில் சொல்வது இதனால்தான். அந்த எண்ணிக்கையை நாள், நேரத்தோடு எழுதிவைத்த ஏடு லாக்புக். பிறகு நாள்வாரியாக எழுதும் எந்தக் குறிப்புக்கும் லாக் என்றே பெயர் நின்றுவிட்டது.

1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தான் இணையத்தில் படித்தவற்றை அன்றன்று குறித்துவந்த பக்கத்தை வெப்லாக் என்று அழைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அதை ‘வீ பிளாக்’ (நாம் பிளாக் செய்கிறோம்) என்று பிரித்துப் படித்தார். வெப்பின் கடைசி ஒலி லாக்கின் தலையில் ஏற, பிளாக் பிறந்தது. அதே ஆண்டு, பிளாக் எழுத இடம் தரும் பிளாகர் சேவையும் வந்தது. குட்டைச் சொல்லே நிலைத்தது.

பெயர்தான் பிந்தி வந்தது, காரியம் முன்பே நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1971இல் லெஸ் எர்னஸ்ட் எழுதிய ஃபிங்கர் என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலில் ஆட்கள் விரலை வைத்து இறக்கித் தேடுவதைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. ஃபிங்கர் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒருவரின் பயனர்பெயரைக் கொடுத்தால் அவர் விவரம் திரையில் வரும். அதன் அடியில், அவர் ‘பிளான்’ என்ற கோப்பில் எழுதிவைத்ததும் வரும். எங்கே போயிருக்கிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லத்தான் அந்தக் கோப்பு. ஆனால் எழுத இடம் கிடைத்தால் மனிதர் சும்மா இருப்பாரா? 1990களில் குவேக் என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், அன்றன்று முடித்த வேலைகளையும் திருத்திய பிழைகளையும் அதில் எழுதிவந்தார். ரசிகர்கள் ஃபிங்கர் தட்டிப் படித்தார்கள். வார்ப்புரு, படம், பொத்தான் எதுவும் கிடையாது. கோப்பில் சில வரிகளைச் சேர்த்துச் சேமித்தால் வெளியீடு முடிந்தது. சில வரிகளில் முடியும் குறும்பதிவின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது என்றே சொல்வேன். 2006இல் ட்விட்டர் வந்து, 160 எழுத்துக் குறுஞ்செய்தியில் பயனர்பெயருக்கு 20 ஒதுக்கி மீதி 140ஐக் கொடுத்தபோது, மைக்ரோபிளாக் என்ற சொல் பரவலானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வலைப்பூ, வலைப்பதிவு இரண்டும் புழக்கத்தில் உள்ளன. வலைப்பூ காதுக்கு இனிமை, எனக்கும் பிடிக்கும். ஆனால் லாக் என்பதன் உயிர் நாளோடு குறித்துவைப்பதில் இருக்கிறது, பூவில் அது இல்லை. பதிவில் இருக்கிறது. பத்திரப்பதிவு, வருகைப் பதிவேடு என்று அந்த வேலைக்கே நாம் பழக்கிய சொல் அது. அதோடு பதிவு வளரக்கூடியது. பதிவர், பதிவிடு, பதிவுலகம் எல்லாம் தானாகக் கிளைத்தன. பூவிலிருந்து இப்படி ஒரு வினைச்சொல்லை எடுக்க முடியவில்லை. ஆகவே பிளாக்குக்கு வலைப்பதிவு, மைக்ரோபிளாக்குக்குக் குறும்பதிவு.

ஃபிங்கர் போலக் கணினிக்குக் கட்டளையைத் தட்டிக் கொடுக்கும் கமாண்ட் லைனுக்குக் கட்டளைவரி ஏற்கெனவே நிலைத்துவிட்டது. சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் வரி என்பது வீட்டுவரி, தண்ணீர்வரிப் பக்கம் இழுக்கும். முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஒரு வரி தட்டிச் சிறு பதிவை வெளியிட உதவும் நிரலைக் கட்டளைவரிக் குறும்பதிவுக் கருவி என்று சொல்லலாம். நீளமாகத் தெரிந்தால், முழுப்பெயரை முதல்முறை மட்டும் சொல்லிவிட்டு, அப்புறம் பதிவுக்கருவி என்றால் போதும்.